குணாளனின் ஊமை நாய்கள்

மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில், பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊர் நாய்க் காப்பகத்தின் கேட்டில் ஓர் அரிசிக் கோணி தொங்கிக்கொண்டிருந்தது. தவமலர் அதை அவிழ்த்தாள். உள்ளே ஒரு பூடல் நாய். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். மூத்திரத்தில் ஊறி ஊறி மஞ்சளேறி, முடி தட்டுத் தட்டாகத் திரண்டு, உடம்பில் ஓடு போல ஒட்டியிருந்தது. வயிற்றுக்குள் குட்டிகள் செத்துப் பல நாளாகியிருந்தன என்பதை வாடையே சொன்னது.

நாய் அவளைப் பார்த்துக் குரைத்தது. வாய் திறந்தது, விலா ஏறி இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. கிழிந்த துருத்தியை அமுக்கினால் வருவதுபோலக் கொஞ்சம் காற்று வந்தது, அவ்வளவுதான். யாரோ அதன் குரல் நரம்பை அறுத்துவிட்டிருந்தார்கள்.

மருத்துவர் வருவதற்குள் அது அவள் மடியிலேயே செத்தது.

தவமலர் கையுறைத் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவள். பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குப் பக்கத்தில், யாருக்கும் வேண்டாத மணல் நிலத்தில் தகரக் கூரை போட்டுக் காப்பகம் நடத்துகிறாள். அழுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. நாயைப் புதைத்துவிட்டு, குளித்துவிட்டு, ஈப்போவுக்குப் பஸ் ஏறினாள். பூடல்களைக் குட்டி போடவைத்து மொத்தமாக விற்கிறவன் அந்த வட்டாரத்தில் குணாளன் ஒருவன்தான்.

கடை பளிங்குபோல் இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குட்டிகள் ரிப்பன் கட்டிக்கொண்டு தூங்கின. குணாளன் ஒரு குட்டிக்கு முடி சீவிக்கொண்டிருந்தான்.

"வாங்கக்கா. யாருக்குக் குட்டி? பேத்திக்குப் பிறந்தநாளா?"

"குட்டி வேணாம். தாயப் பத்திப் பேச வந்தேன்."

"எந்தத் தாய்?"

"என் கேட்டுல கோணியில கட்டித் தொங்கவிட்டியே, அந்தத் தாய்."

சீப்பு நிற்கவில்லை. "அக்கா, பேராக் முழுக்க எத்தனை நாய் திரியுது. அத்தனைக்கும் நானா அப்பன்? அது நெத்தியில என் பேரு எழுதியிருந்துச்சா? எழுதியிருந்தா சொல்லுங்க, நானே வந்து மேளம் வெச்சு அடக்கம் பண்றேன்."

கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குணாளன் ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துத் தவமலரின் கையில் திணித்தான். "இந்தாங்க, உங்க அநாதைங்களுக்கு. வழிய விடுங்கக்கா, கஸ்டமர் நிக்கிறாங்க."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். திரும்பி வந்து நாய்களுக்குப் போட்டாள். கொடுத்தவன் யாரென்று நாய்களுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் அவன் வைத்திருக்கும் பண்ணையை இழுத்து மூடவைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு அவள் முடிவுசெய்தாள். வேன் ஓட்டும் சந்தனசாமியிடம் அதைச் சொன்னபோது, அவர், "நடக்கிற காரியமா பேசு, மலரு. அவன் கோயிலுக்குத் தேர் வாங்கிக் குடுத்தவன்" என்றார்.

"தேருல அவனையே ஏத்தி இறக்குறேன் பாருங்க."

கால்நடை இலாகாவில் ரோஸ்லான் என்ற அதிகாரி அவளுக்குப் பழக்கம்; 'என்சிக்' என்று மரியாதையாக அழைப்பாள். நல்ல மனிதர், பேச்சு குறைவு. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, செத்த நாய் ஒண்ணு போதாது. அவன் வேலிக்குள்ள நான் காலு வைக்கணும்னா, அது அவன் நாய்தான்னு காட்ட எனக்கு ஏதாவது வேணும்" என்றார்.

"குரல அறுத்திருக்கான், என்சிக்."

"யாரு வேணா அறுத்திருக்கலாம். அந்த நாயா வந்து சாட்சி சொல்லும்?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அது அவளை ஒரு திசையில் தள்ளிவிட்டது. குரலை அறுப்பது செலவு பிடிக்கிற வேலை. ஒரு நாய்க்காக யாரும் அதைச் செய்யமாட்டார்கள். ஒரு கொட்டகை நிறைய நாய்களை அக்கம்பக்கத்துக்குத் தெரியாமல் வைத்திருக்கிறவன்தான் செய்வான். அப்படியென்றால் மற்ற நாய்கள் எங்கே போய்ச் சேர்கின்றன?

இதைக் கேட்க வேண்டிய ஆள் பூய் யீ. ஈப்போவில் குனோங் ராப்பாட் பக்கம் சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் பெரிய காப்பகம் வைத்திருப்பவள். இருவரும் பேசிப் பல வருடமாகிறது. தவமலரின் நன்கொடைச் சுவரொட்டியில் பூய் யீயின் மூன்று கால் நாயின் படம் வந்துவிட்டது. அச்சகத்துக்காரன் இணையத்திலிருந்து எடுத்துப் போட்டது. பூய் யீ அதை நம்பவில்லை. காப்பகம் நடத்துகிறவர்கள் நாய்களிடம் காட்டுகிற பொறுமையில் கால்வாசியைக்கூட ஒருவரிடம் ஒருவர் காட்டுவதில்லை. எல்லாரும் கையேந்தி நிற்பது அதே சில தர்மவான்களிடம்தான்.

தவமலர் கோப்பி குடித்து முடித்துவிட்டு, இன்னொன்றும் குடித்துவிட்டு, அழைத்தாள்.

"யாரு?"

"மலர். பத்து காஜா."

"ஓ. இப்ப எந்த நாயோட படம் வேணும்?"

தவமலர் அதை விழுங்கிக்கொண்டாள். "உன்கிட்ட குரைக்காத பூடல் ஏதாவது வந்திருக்கா?"

 போனில் நாய்கள் குரைப்பது கேட்டது.

"ரெண்டு வந்துச்சு" என்றாள் பூய் யீ. "உனக்கு எப்படித் தெரியும்?"

அன்று மாலைக்குள் தைப்பிங், தெலுக் இந்தான், கம்பார், சித்தியவான் எல்லா ஊருக்கும் பேசியாகிவிட்டது. எல்லாக் காப்பகத்திலும் கிட்டத்தட்ட ஒரே கதை. வயதான பெட்டை, ஓடுபோல் முடி, சத்தமில்லாத குரைப்பு. ஒவ்வொருவரும் தங்களுக்கு மட்டும் வந்த துயரம் என்று நினைத்து, கழுவி, மருந்து போட்டு, கருத்தடை செய்து, யாருக்காவது தத்துக் கொடுத்திருந்தார்கள். குணாளன் ஓர் ஊரில் இரண்டு மூன்றுக்கு மேல் விட்டதில்லை. இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இவர்களுடைய சண்டையைத்தான் அவன் வேலியாகப் போட்டிருந்தான்.

"நம்மள வெச்சு நல்லா சிரிச்சிருக்கான்" என்றாள் பூய் யீ.

"சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நாளுக்கு."

சந்தர்ப்பம் கம்பாரிலிருந்து வந்தது. நகராண்மைக் கழகத்தார் தெருவில் பிடித்த நாய்களோடு பழுப்பு வெள்ளை ஆண் பூடல் ஒன்றும் சிக்கியிருந்தது. உடைமைக்காரன் வந்து கேட்கும் தவணை முடிந்து, கம்பார் காப்பகம் அதை முறைப்படி எடுத்துக்கொண்டது. அதற்கு மறுநாள் குணாளனின் விளம்பரம் முகநூலில் வந்தது. 'எங்கள் வீட்டுப் பிள்ளை காணவில்லை. மகள் சாப்பிடாமல் அழுகிறாள்.' படத்தில் அதே நாய். போட்டிகளில் பரிசு வாங்கிய பொலிகடா அது. அவன் விற்கிற குட்டிகளில் பாதிக்கு அதுதான் தகப்பன். கழகத்துக்குப் போய்க் கேட்டிருந்தால் அன்றே கிடைத்திருக்கும். ஆனால் அங்கே போனால் நாய் உரிமம் எங்கே, எத்தனை நாய் வைத்திருக்கிறாய் என்று கேட்பார்கள். அதனால் பிள்ளையைக் கூண்டில் விட்டுவிட்டு விளம்பரம் போட்டுக் காத்திருந்தான்.

பூய் யீயின் காப்பகத்தில் கூடிப் பேசினார்கள். தவமலரின் திட்டம் சுருக்கமானது. ஆண் நாயைக் கம்பாரிலிருந்து இங்கே கொண்டுவந்து, அது இருக்கிறது என்று சொல்லிக் குணாளனை வரவழைப்பது. அவன் வரும்போது அந்தப் பெட்டைகளையெல்லாம் அவன் பார்வையில் படும்படி வைத்திருப்பது. ரோஸ்லான் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது.

"பார்த்து?" என்றாள் பூய் யீ. "நாயெல்லாம் ஓடிப்போய் அப்பான்னு காலக் கட்டிக்குமா?"

"கட்டிக்காது. பயப்படும். அதப் பார்த்தாலே போதும்."

"பாதி நாய் வீட்டுக்குப் போயிடுச்சு, மலர். சோபாவுல தூங்குதுங்க. அதுங்கள இழுத்துட்டு வந்து அவன் முன்னாடி நிறுத்தணுமா? நீ நாயக் காப்பாத்துறியா, நாய வெச்சுப் பழி வாங்குறியா?"

"ரெண்டும்" என்றாள் தவமலர். "உள்ள இன்னும் எத்தனை இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பூய் யீ வாளியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகிற போக்கில், "மத்த ஊர்க்காரங்ககிட்ட நான் பேசுறேன். நீ பேசினா குடுக்கிறவனும் குடுக்கமாட்டான்" என்றாள்.

வேன்கள் கைமாற்றிக் கைமாற்றி நாய்களைக் கொண்டுவந்தன. வழக்கமாக இந்த ஓட்டம் வெளிப்புறமாகத்தான் போகும். இடமில்லாத காப்பகத்திலிருந்து இடமிருக்கிற காப்பகத்துக்கு, அங்கிருந்து ஒரு வீட்டுக்கு. பெட்ரோல் நிலையத்தில் ஒரு வேன் நிற்கும், அடுத்த வேன் வரும், வாங்குகிறவர் தன் கயிற்றைக் கட்டிய பிறகுதான் கொடுக்கிறவர் தன் கயிற்றை அவிழ்ப்பார். அந்த வாரம் எல்லாம் தலைகீழாக நடந்தது. வீடு கிடைத்த நாய்கள் வீட்டைவிட்டுத் திரும்பி வந்தன.

அவற்றில் மில்லி என்ற பெட்டையை வாங்கச் சித்தியவானுக்குத் தவமலரே போனாள். ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற அங்கிள் ஃபூவும் அவர் மனைவியும் அதை எடுத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. நாய் அவர் செருப்பின்மேல் தலைவைத்துப் படுத்திருந்தது.

"முதல்ல இது சுவத்தப் பார்த்துக்கிட்டேதான் நிக்கும்" என்றார் அவர். "இப்பத்தான் மூணு மாசமா எங்க முகத்தப் பார்க்குது. வேற நாய் இல்லியா உனக்கு?"

"இருக்கு அங்கிள். ஆனா எத்தனை கூட இருக்கோ அத்தனை நல்லது. நாளைக்குச் சாயங்காலம் நானே கொண்டாந்து விட்டுர்றேன்."

"நாளைக்குச் சாயங்காலம்."

"சத்தியமா."

அவர் கயிற்றைக் கொடுத்தார். மனைவி சமையலறையிலிருந்து வெளியே வரவேயில்லை.

குணாளன் மறுநாள் காலை வந்தான். புதுச் சட்டை, கையில் பழக்கூடை. தவமலர் தீனி அறைக்குள் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை அவனுக்குத் தெரியும். பூய் யீயின் முகம் தெரியாது. ரோஸ்லான் கட்டம்போட்ட சட்டையில், கையுறை மாட்டிக்கொண்டு, குழாயடியில் தட்டுகளைக் கழுவுகிறவர்போல உட்கார்ந்திருந்தார்.

"கடவுள் மாதிரி வந்தீங்க, ஆன்ட்டி" என்றான் குணாளன். "என் மகள் ஒரு வாரமா பச்சத் தண்ணி குடிக்கல."

"பாவம்லா. உங்ககிட்ட இது ஒண்ணுதானா?"

"ஒண்ணே ஒண்ணு. வீட்டுப் பிள்ளை. வேற நாயே வெச்சதில்ல."

"இந்தக் கிழவிங்கள எங்கயாவது பார்த்திருக்கீங்களா? குரைக்கக்கூட மாட்டேங்குதுங்க. யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க."

பெட்டைகள் நிழலில் சிதறிக் கிடந்தன. மில்லி வாசல் ஓரம் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குணாளன் ஒரு சுற்றுப் பார்த்தான். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. "ச்சு, ச்சு. எப்படித்தான் மனசு வருதோ ஜனங்களுக்கு. எனக்குத் தெரியாது ஆன்ட்டி. எங்க என் பையன்?"

பையன் பெஞ்சுக்கு அடியில், கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு சுருண்டிருந்தான்.

"அது என்ன கழுத்துல?"

"காதுல புண்ணு. சொறிஞ்சிரும்னு மாட்டினோம்."

குணாளன் குனிந்து கூப்பிட்டான். நாய் வரவில்லை. பெயர் சொன்னான். விரலைச் சொடுக்கினான். நாய் இன்னும் உள்ளே நகர்ந்தது. ரோஸ்லான் கையுறையை ஒதுக்கிக் கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவமலர் கண்டாள். பெட்டைகளும் அவள் நினைத்தபடி எதுவும் செய்யவில்லை. ஒன்றுகூட நடுங்கவில்லை. படுத்தது படுத்தபடி கிடந்தன.  எல்லாரையும் ஊர் ஊராக அலையவைத்து இழுத்துவந்தது இதற்குத்தானா?

குணாளனுக்குப் பொறுமை போய்விட்டது. தினமும் செய்கிற வேலையில் கை தானாகப் போகும், யோசித்துச் செய்வதில்லை. பக்கத்தில் கிடந்த தகரக் குவளையை எடுத்து, இரும்புக் கேட்டில் இரண்டு தட்டுத் தட்டி, நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தான்.

பெஞ்சுக்கு அடியிலிருந்து ஆண் நாய் வெளியே வந்தது. ஆனால் அதை யாரும் பார்க்கவில்லை.

நிழலில் கிடந்த பெட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. கண் மங்கியதும், இடுப்பு விழுந்ததும், எல்லாமே. சுவர் ஓரமாகப் போய், முகத்தைச் சுவரில் வைத்து, பின்புறத்தைக் குணாளன் பக்கம் காட்டி, வரிசையாக நின்றன. வாலை ஒதுக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டு, அசையாமல். ஆணிடம் விடும்போது நிற்க வேண்டிய விதத்தில். அந்தச் சத்தத்துக்கு அப்படித்தான் நிற்க வேண்டும் என்று எங்கோ ஒரு கொட்டகையில் வருடக்கணக்கில் கற்றிருந்தன. வாசலில் நின்ற மில்லியும் திரும்பி நடந்து வந்து வரிசையின் கடைசியில் நின்றது.

குவளை குணாளன் கையில் இருந்தது. 

ரோஸ்லான் கையுறையைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்தார். "என்சிக் குணாளன். வேற நாயே வெச்சதில்லன்னு சொன்னீங்க."

"யார்யா நீ?"

"இன்னொரு தடவ தட்டுறீங்களா? நான் போன்ல எடுத்துக்கிறேன்."

அப்போதுதான் தவமலர் தீனி அறையிலிருந்து வெளியே வந்தாள். குணாளன் அவளைப் பார்த்தான், எல்லாம் புரிந்துவிட்டது. முகம் கறுத்தது. உடனே சமாளித்துக்கொண்டான். அவன் வியாபாரி.

"சரிக்கா. நீங்க ஜெயிச்சீங்க. இதுங்க வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. பையன மட்டும் குடுத்திருங்க. பேசாம போயிர்றேன்."

"எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றாள் தவமலர். "ஆனா காப்பகம் என்னுது இல்லியே. இவளக் கேளு."

பூய் யீ கூம்பு மாட்டிய நாயைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டாள். "குடுக்கலாம். ஆனா எங்க எல்லாருக்கும் ஒரே வழக்கம். கருத்தடை பண்ணாம எந்த நாயும் கேட்டுக்கு வெளிய போகாது."

"அதெல்லாம் வேணாம், அப்படியே குடுங்க."

"அப்படியே குடுக்க முடியாதுலா. நேத்தே அறுத்தாச்சு."

குணாளன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

தவமலர் அந்த முகத்தை அவசரப்படாமல் பார்த்தாள். அதற்காகத்தான் இத்தனை ஊருக்கும் பேசியது, இத்தனை ஏச்சு வாங்கியது. "காதுல புண்ணுன்னு சொன்னியேடி" என்று பூய் யீயிடம் கேட்டாள்.

"கொஞ்சம் கீழ. எனக்கு உடம்புல பேரெல்லாம் சரியா தெரியாது."

அன்றே பண்ணையின் கதவு திறந்தது. குணாளன் யார் யாருக்கோ போன் போட்டான். தேர் வாங்கிக்கொடுத்த கோயிலின் தலைவர்கூட எடுக்கவில்லை. கொட்டகைக்குள் அடுக்கடுக்காகக் கூண்டுகள், கூண்டுகளுக்குள் நாய்கள். ஆட்களைக் கண்டதும் அத்தனையும் ஒன்றாகக் குரைத்தன. கொட்டகை முழுக்க வாய்கள் திறந்து மூடின. கேட்டதெல்லாம் காற்றும் கம்பி அதிர்வதும்தான். ரோஸ்லான் வெளியே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

எல்லா ஊர் வேனும் வந்து நின்றன. கர்ப்பமானதெல்லாம் எனக்கு என்று தைப்பிங்காரர் சொன்னார். கண் தெரியாததைத் தெலுக் இந்தான்காரி எடுத்துக்கொண்டாள். சந்தனசாமி கூண்டுகளை ஏற்றிக்கொண்டே, "அக்காமாரே, ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சியத் திருப்பாம வேலை செய்யிறத இன்னிக்குத்தான் பார்க்கிறேன். யாராவது படம் எடுத்து வைங்க" என்றார்.

"எடுத்தா மலர்கிட்ட குடுக்காதீங்க" என்றாள் பூய் யீ.

எண்ணி, பிரித்து, ஏற்றி முடிக்க இருட்டிவிட்டது. சாட்சிக்கு வேண்டுமென்று ரோஸ்லான் அந்தப் பெட்டைகளையும் அன்றிரவு ஈப்போவிலேயே வைத்திருக்கச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம்தான் தவமலர் சித்தியவானுக்குப் போனாள். அங்கிள் ஃபூ வாசலிலேயே நின்றிருந்தார். மில்லியை இறக்கிவிட்டதும் அது அவரைத் தாண்டி உள்ளே போய், கூடத்துச் சுவரில் முகம் வைத்து நின்றது. அவர் மனைவி தரையில் உட்கார்ந்து அதன் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். அது திரும்பவில்லை.

"நேத்துச் சாயங்காலம்னு சொன்ன" என்றார் அவர்.

"பண்ணைய மூடிட்டோம், அங்கிள். உள்ள இருந்தத எல்லாத்தையும் எடுத்தாச்சு. அவன் மேல வழக்குப் போடுறாங்க."

"பேப்பர்ல பார்த்தேன். நல்ல காரியம். இனிமே இந்த வீட்டுக்கு வராதே."

தவமலர் தலையாட்டினாள். அவர் கதவைச் சாத்தினார். வேனில் ஏறி உட்கார்ந்ததும் சந்தனசாமி மெதுவாகக் கேட்டார், "மலரு, அந்த ஒண்ண விட்டுட்டு மத்தத மட்டும் நிறுத்தியிருந்தா போதாதா?"

"போதும்" என்றாள்.

"அப்புறம்?"

"எல்லாமே நிக்கிறத அவன் பார்க்கணும்னு நெனச்சேன். பார்த்தான்." அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். "வண்டிய எடுங்க. ஏழு நாய் புதுசா வந்திருக்கு, ஒண்ணும் இன்னும் சாப்பிடல."